வேன் டாக்டரம்மா

ஆமத்தூர்ப் பெண்களைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் வேனில் செல்லக்கனிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. டாக்டரம்மா!

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் திருப்பூரில். பொங்கலுக்குக்கூடப் போன்தான் வருகிறது. வீட்டில் 'சாப்பிட்டியா' என்று கேட்க நாதியில்லை. ஆனால் வேனில் ஏறிவிட்டால் அவள் பக்கத்தில் உட்காரப் போட்டி நடக்கும். எல்லாம் அவள் வைத்திருக்கும் மாத்திரைகளுக்காக.

வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை பார்க்கும் பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை தூரம். போனால், கையில் படிந்த மருந்தைத் தேய்த்துக் கழுவவே நேரம் போய்விடும். செய்த உருப்படிக்குத்தான் கூலி. அடக்கி அடக்கி ஒவ்வொருத்திக்கும் நீர்க்கடுப்பு. செல்லக்கனி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி இரண்டு விழுங்குவாள். எரிச்சல் அடங்கியதும் மிச்சத்தை மற்றவர்களுக்கு எடுத்து வைப்பாள். அட்டை முழுவதையும் ஒருத்தியே தின்பது சுயநலம் என்பது அந்த வேனின் நியாயம்.

இந்த ஆடியில் அவளுக்கே குளிர்க்காய்ச்சல். விலாவில் குத்துவலி. மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதித்தார்கள்.

"மாத்திரையைப் பாதியில நிறுத்துவீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"சரியானதும் நிறுத்திருவேன். மிச்சத்தைக் கூட வேலை பாக்குற பிள்ளைகளுக்குக் குடுத்துருவேன்."

"சாகாம மிஞ்சுன கிருமிதான் இப்ப பெருகி நிக்குது. அந்த மாத்திரைக்கெல்லாம் இனி அடங்காது. ஊசி போடணும். தள்ளிப்போட்டா கிட்னி போயிரும். அந்தப் பிள்ளைகளுக்கும் குடுக்காதீங்க."

ஊசிக்காகப் படுத்திருந்த நாட்களில் பக்கத்துக் கட்டில்களுக்குத் தூக்குச்சட்டிகள் வந்தன. அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. சீசன் நேரம், யாரைக் குறை சொல்வது? மாத்திரை இல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அவள் நெஞ்சை அறுத்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று வேனில், கூட வேலை பார்க்கும் மாரித்தாய் ஓடிவந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"யாத்தாடி! டாக்டரம்மாவே படுத்துட்டா நாங்க எங்கன போறது?"

வேனே சிரித்தது. மாரித்தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"சித்தி, எரிச்சல்ல உசுரு போகுது. ஒண்ணு குடுங்க."

பையில் பழைய மாத்திரை மிச்சம் இருந்தது. கொடுத்தால் போதும், பழைய செல்லம் எல்லாம் திரும்பிவிடும்.

"மாட்டேன் தாயி. சாயந்தரம் ஆஸ்பத்திரிக்கு வா, நானும் கூட வாரேன்."

"அங்க போயி உக்காந்தா புள்ளைகளுக்கு யாரு சோறு பொங்குறது? உங்களுக்கென்ன, ஒத்தக்கட்டை!"

செல்லக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லாருந்தாத்தான புள்ளைகளுக்குச் சோறு?"

"உங்களுக்குன்னா ஊசி, எங்களுக்குன்னா ஒரு மாத்திரை கூடக் கெடையாதாக்கும்! நல்லா இருங்க சித்தி."

அவள் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள். அன்று வேலைத்தலத்தில் யாரும் செல்லக்கனியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பாதை பிரியும் விலக்கில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். மாரித்தாயின் ஜன்னலுக்கு நேரே போய் நின்றாள்.

"வா தாயி. எம்புட்டு நேரமானாலும் நான் கூடவே இருப்பேன்."

மாரித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன் கிளம்பியது. சாலையோரத்தில் செல்லக்கனி தனியாக நின்றாள். நாளைக்கும் இங்கேயே இறங்கி, இப்படியே கூப்பிட வேண்டும். வேறு எதைக் கொடுத்து அவளைக் கூட்டிவருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.