தறிச் சத்தத்தில் கேட்ட பழைய பிரெஞ்சு

திருத்தணிக்கு வழி கேட்பவர்களிடம், கோயிலோடு திரும்பிவிடாதீர்கள், நெசவாளர் தெருவுக்குள்ளும் போய்ப் பாருங்கள் என்பேன். காரணம் 1979 ஆடிக் கிருத்திகை.

அப்போது சென்னையில், இடைக்காலப் பிரெஞ்சு வாக்கியம் எதை முன்னால் வைத்துத் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். (வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.) தோழி வசந்தாவுக்கும் அதே கிறுக்கு. அவளுக்குப் பாண்டிச்சேரியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் கிருத்திகை முடிந்ததும் நகரி மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற வருவதாக ஏற்பாடு. அதற்குள் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலை சென்ட்ரலில் ரயில் ஏறினோம். எண்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மணவூர் வரை சுகமாக உட்கார்ந்திருந்தோம். அரக்கோணத்தில் காவடிக் கூட்டம் ஏறியது, யாருடைய மயிலிறகோ என் மூக்கில்! ஆனாலும் வாய் ஓயவில்லை. இன்றைய பிரெஞ்சில் 'அரசன் பிடித்தான் கோட்டையை' என்பார்கள். பழைய பிரெஞ்சில் 'கோட்டையைப் பிடித்தான் அரசன்' என்றும் வரும். வினை இரண்டாம் இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்க, கோட்டை ஏன் முன்னால் ஓடி வருகிறது? அழுத்தத்துக்காக என்று எழுதினேன். பேராசிரியர் அந்த அத்தியாயத்தையே சிவப்பு மையில் அடித்துவிட்டார்.

"கோட்டைய வுடுடி. நைனாகிட்ட எப்படி ஆரம்பிக்கிறது, அத்த சொல்லு" என்றாள் வசந்தா.

ஸ்டேஷனிலிருந்து, நெசவாளர் தெருவில் இருந்த அவள் வீடு நடக்கிற தூரம்தான். உள்ளே இரண்டு விசைத்தறிகள், விழாவுக்குள் லுங்கியை முடிக்கும் அவசரம். காது போய்விட்டது! அந்தச் சத்தத்தில் அவர்கள் பேசும் விதம் இருக்கிறதே... வசந்தாவின் அம்மா வாசலிலிருந்து "நூலு!" என்று கத்தினார். அப்பா தலை திருப்பாமல் "ஆங்!" என்றார். அதற்கப்புறம்தான் அம்மா, "வந்துகினு இருக்குதாம்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அழுத்தமாவது மண்ணாங்கட்டியாவது! எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் காதில் போட்டுவிட்டால், மீதியைக் கேட்க ஆள் தயார். என் கோட்டை முன்னால் வந்ததும் இதற்காகத்தான் இருக்கவேண்டும். எல்லா வாக்கியத்துக்கும் பொருந்தாது, ஆனால் அடித்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத இது போதும். சொல்லத் திரும்பினால் வசந்தா பக்கத்தில் இல்லை. தறியருகே நின்றிருந்தாள்.

"பாண்டிச்சேரி!"

"ஆங்!"

மீதி வரவில்லை. உதடு மட்டும் ஆடியது. அப்பா திரும்பிப் பார்த்தார். மோட்டாரை அணைத்தார். தறி நின்றதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அம்மா ஓடிவந்தார்.

"இன்னாமா பாண்டிச்சேரில?" என்றார் அப்பா.

இடம் கிடைத்தது, கல்யாணம் இப்போது வேண்டாம், எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அவர் மறுபடி மோட்டாரைப் போட்டார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது சத்தத்துக்கு மேல் அவர் குரல் கேட்டது.

"நகரிக்காரங்க!"

வசந்தா என் கையை நெரித்தாள். நான்தான் "ஆங்!" என்று கத்தினேன்.

"வரவேணாம்னு சொல்லியனுப்பிடறேன். நீ போய்ப் படி!"

மறுநாள் மூன்று பேருமாக மலையேறினோம், அம்மாவும் நாங்களும். வெயில் ஏறினால் படி கொதிக்கும், விடியும்போதே கிளம்பிவிடுங்கள். அரக்கோணத்துக்கு மேல் உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். நெசவாளர் தெருவில் எதையாவது கேட்க வேண்டுமென்றால், விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு 'ஆங்' வரும்வரை பொறுங்கள். வந்த பிறகு மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள். தறியை அணைத்துவிடுவார்கள்.