மாமரத்தடி டோமினோ

சாந்தோ தோமிங்கோ முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் மாமரத்தடியில் டோமினோ ஆட உட்காருவார்கள். கட்டையின் இரு பாதியிலும் உள்ள எண்ணைப் பார்த்து, ஒரே எண்கள் ஒட்டி வரும்படி அடுக்க வேண்டும்; கையிலிருப்பதை முதலில் தீர்ப்பவருக்கு ஜெயம். பார்வை போன எர்சிலியாவின் பக்கத்தில் ரேடியோவை வைத்துவிட்டு நர்ஸ் போய்விடுவாள். எர்சிலியா சின்ன வயதிலிருந்தே டோமினோ ஆடியவள். ஒருநாள் ரேடியோவை அணைத்துவிட்டு, கைத்தடியைத் தட்டிக்கொண்டே போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இது கண்ணு தெரியறவங்க ஆட்டம்," என்றார் ஃபுல்வியோ. அந்த மேசையில் அவரை ஜெயித்தவர் கிடையாது.

"கட்டையில இருக்கிற குழியைத் தடவினா எனக்கு எண் தெரிஞ்சிடும். நீங்க வைக்கிறதை வாயால சொல்லிட்டு வைங்க, போதும்."

"தோத்தா அழக் கூடாது."

"அதை உனக்கே சொல்லிக்க."

ஆட்டம் தொடங்கியது. யார் எந்தக் கட்டையை வைத்தார்கள், எந்த எண் இல்லாமல் திணறினார்கள் என்பதெல்லாம் அவள் மனதில் பதிந்தது. ஃபுல்வியோவிடம் இரண்டு பாதியிலும் ஆறு உள்ள இரட்டை ஆறு மாட்டிக்கொண்டிருப்பது புரிந்ததும், ஆறு வரும் வழியையெல்லாம் அடைத்தாள். தன் கடைசிக் கட்டையை மேசை அதிர அறைந்து ஆட்டத்தை முடித்தாள்.

ஃபுல்வியோ கையிலிருந்ததைக் காட்டினார். இரட்டை ஆறுதான். மற்றவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள்.

"நாளைக்கும் வருவீங்களா அக்கா?" என்றார் ஃபுல்வியோ.

"வருவேன். நாளைக்கு நீ என் ஜோடியா உக்காரு. எதிரா ஆடினா சீக்கிரம் முடிஞ்சிடுது."