ஃப்ரிட்ஜில் கறுத்த ரஸ்தாளி

போன வியாழக்கிழமை கடலூரில் தங்கை வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து போன். அங்கே என் பக்கத்து வீட்டு மும்தாஜ். குரலே சரியில்லை.

“சார்... பழம் பூரா கறுத்துப்போச்சு சார். நாளைக்கு மச்சான் வராங்க. அவுங்களுக்கு நான் என்னத்தக் காட்டுவேன்?”

காபியை அப்படியே வைத்துவிட்டேன். காரணம் நான்தானே!

மும்தாஜ் மச்சான் என்று சொல்வது கணவர் அக்பரை. அவருக்குக் குவைத்தில் வேலை. போன லீவு முடிந்து கிளம்பிய அன்று காலை, இதே தங்கை வீட்டிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த ரஸ்தாளிக் கன்றைக் கொல்லையில் நட்டுவிட்டுத்தான் கார் ஏறினார். இலை விட்டது, பூ தள்ளியது, தார் போட்டது — எல்லாவற்றையும் வீடியோ காலில்தான் பார்த்தார். “மொத தாரு, ரெண்டு பேரும் சேந்துதான் சாப்புடணும்” என்று சொல்லிவைத்திருந்தார்.

தார் பழுத்த நேரம் பார்த்து லீவு பத்து நாள் தள்ளிப்போனது. மும்தாஜ் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். தான் ஒரு பழம்கூட வாயில் வைக்கவில்லை. கடைசிச் சீப்போடு என்னிடம் வந்து நின்றாள்.

“மச்சான் வர்ற வரைக்கும் தாங்குமா சார்?”

“ஃப்ரிட்ஜ் எதுக்கும்மா இருக்கு? உள்ள வெச்சிடு.”

சொன்னது யார்? கல்லூரியில் முப்பது வருஷம் தாவரக் கொழுப்பு பற்றிப் பாடம் எடுத்த நான்!

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது. நல்லெண்ணெய் உறைவதில்லை. ஏன்? கொழுப்பின் ஜாதி வேறு. செடிகளின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. ஆப்பிளின் படலம் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். வாழை வெயிலில் வளர்ந்த பிள்ளை... ஃப்ரிட்ஜுக்குள் அதன் படலம் இறுகி விரிசல் விடும். உள்ளே தனித்தனியாக இருந்த சமாச்சாரங்கள் ஒன்றோடொன்று கலந்து, தோல் கறுத்துவிடும். போர்டில் படம் போட்டு இதையெல்லாம் சொன்னவன், பக்கத்து வீட்டுப் பெண் கேட்டபோது கோட்டை விட்டேன். படித்ததெல்லாம் தேவைப்படும் நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தட்டில் அந்தச் சீப்பு, கரிக்கட்டை மாதிரி. மும்தாஜ் நிமிரவே இல்லை. பாவமாக இருந்தது.

“தப்பு என்னோடதுதான் தம்பி” என்றேன், வந்திறங்கியிருந்த அக்பரிடம்.

அவர் ஒரு பழத்தை உரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. பாதியைப் பிட்டு அவளிடம் நீட்டினார்.

“குவைத்து வெயில்ல நானுந்தான் கறுத்துப்போயி வந்திருக்கேன். வேணாம்னா சொல்லிட்ட?”

மும்தாஜ் சிரித்தாள், அழுதாள், வாங்கிக்கொண்டாள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். சில்லென்று... அப்படியொரு இனிப்பு!

தோல் ஏன் கறுக்கிறது என்று முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாளாவது உரித்துப் பார்க்கச் சொன்னேனா?