சந்தனம் கருகாத புகைக்குழாய்: ராஜபாளையத்தில் ஒரு எரிவாயு எஞ்சின்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலை ஒன்றில் ஓடும் எரிவாயு எஞ்சின் அமைப்பை வரைந்தவன் நான். அதை ‘வேலைக்காகாது’ என்று தள்ளிய என் கம்பெனி மேலாளர், நான் வேலையை விட்டதும் தன் பெயரில் அந்த ஆலைக்கு விற்றார். எஞ்சின்மேல் இருக்கும் அவர் பெயர்ப்பலகையைப் படமெடுத்து, என் பெயரோடு உண்மையை எழுதத்தான், ஓர் ஆயுத பூஜைக்கு மறுவாரம் கிளம்பினேன்.

மதுரையில் காலை ஆறு மணிப் பேருந்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினேன் (சூடாறும் முன் தின்றுவிடுங்கள்). அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். வலப்பக்கச் சன்னலில் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். ராஜபாளையத்தில் இறங்கி, ஆலைக்குப் போக ஆட்டோவுக்கு நூற்றைம்பது சொன்னேன்.

“இருநூறு குடுங்க ஸார். திரும்பி வாரப்போ மலையவா ஏத்திட்டு வாரது?” என்றார் ஓட்டுநர். கொடுத்தேன்.

ஆலை வாசல் டீக்கடையில் எஞ்சின் ஆபரேட்டரே நின்றிருந்தார். நானும் எஞ்சின்காரன் என்றதும் உற்சாகமாகிவிட்டார். “எங்க மில் மேனேஜர் மதியம்தான் வருவாவ. செத்த நேரம் உள்ள வந்து பாத்துட்டுப் போங்க.”

லாரியில் வந்திறங்கும் எரிவாயு, எஞ்சினில் எரிந்து ஆலைக்கு மின்சாரமாகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரிலும் புகையிலும் வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து, துணி வெளுக்க வெந்நீரும் நீராவியும் எடுக்கிறார்கள். இதெல்லாம் எனக்குக் காகிதத்தில் மனப்பாடம். ஆனால் தரையின் அதிர்வு உள்ளங்கால் வழியே ஏறுவது எந்தக் காகிதத்திலும் இல்லாதது.

புகை வெளியேறும் கடைசிக் குழாயில் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு நிறம் மாறாமல் இருந்தது.

“பழைய டீசல் எஞ்சின்ல வச்சா அம்புட்டும் கரியாப் போகும் ஸார். இவன் சூட்டையெல்லாம் உள்ளயே முழுங்கிருதான். கருமிப்பய!”

தொட்டுப் பார்த்தேன். உள்ளே நெருப்பாகப் புறப்பட்ட புகை, காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குத்தான் சுட்டது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடுகிறது. கண் கலங்கியதற்கு இரைச்சலைக் காரணம் சொன்னேன்.

பலகையைப் படமெடுத்தபோது அவர் முகம் மாறியது. “வெளிய போட்டுறாதீய ஸார். யாரு உள்ள விட்டான்னு கேட்டா எஞ் சோலி முடிஞ்சுது.”

நீங்கள் போவதானால் முறையாக அனுமதி வாங்குங்கள். பருத்திச் சட்டை போடுங்கள், காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தை அழித்துவிட்டேன். ஆனால் என் பெயரைப் பார்த்தாலே போதும், நான் எப்படி உள்ளே போனேன் என்று என் பழைய மேலாளர் ஆலைக்குப் போன் போட்டு விசாரிப்பார்; அவரை எனக்குத் தெரியும். பெயரில்லாவிட்டால், எவனோ உளறுகிறான் என்று சிரிப்பார். சிரிக்கட்டும். கோபம் அப்படியேதான் இருக்கிறது. இதைப் பெயர் போடாமல் பதிவேற்றுகிறேன்.