இருட்டு வீடுகளைப் படமெடுத்த சாதிக் பாய்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டுடியோவில் ஒரு கல்யாணப் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது சாதிக் பாயின் தம்பி போன் செய்தார். "அண்ணன் போய்ட்டாருக்கா. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." திரையில் இருந்தவை பாய் வேப்பம்பட்டுக்குப் போய் எடுத்துவந்த படங்கள். மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கணினியை அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆவடியில் எங்கள் ஸ்டுடியோவுக்கு அவர் படமெடுப்பார், நான் ஆல்பம் செய்வேன். எப்போதும் ரா ஃபைலாகத்தான் எடுப்பார். கேமரா கண்டதை அப்படியே வைத்திருக்கும் ஃபைல் அது. பெரியது, சாதாரண போனில் திறக்காது. எல்லாவற்றையும் மாற்றுவது என் தலையில் விழும் என்று சலித்துக்கொள்வேன். "எடுக்குறது பாதி வேலைதான் உஷா. பாக்க வேண்டியவங்க கண்ணுல பட்டாத்தான் அது படம்" என்பார்.

அயனம்பாக்கத்தில் ஏரித் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்த சமயம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நிவாரணம் கேட்பவர்கள் சேதப் படங்களை ஒரே பிடிஎஃப்பாகத் தர வேண்டும் என்று அரசு அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு தெருவில் பாதிப் பேரின் போன் தண்ணீரில் போயிருந்தது. நண்பரைப் பார்க்கப் போன பாய், கேமராவோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். கரண்ட் இல்லை, உள்ளே ஒரே இருட்டு. ஸ்டுடியோவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து வெளிச்சம் ஏற்றி, ஜேபிஜி ஆக்கி, வீட்டுக்கு ஒரு பிடிஎஃப் செய்தோம்.

அதில் மேரி அக்காவின் வீடுதான் ரொம்ப இருட்டு. வீட்டிலேயே துணி தைத்துப் பிழைத்தவர். வெளிச்சம் ஏற்ற ஏற்ற, ஜன்னலுக்கு மேலே சேற்றுக் கோடும் கவிழ்ந்து கிடந்த தையல் மிஷினும் தெரிந்தன. ஸ்டுடியோவுக்கு வந்து எங்கள் பின்னால் நின்றிருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "தோ கீது பார், என் மிஷினு."

மற்றவர்களுக்கெல்லாம் நிவாரணம் கிடைத்தது. அக்காவின் மனு மட்டும், படம் திருத்தப்பட்டிருக்கிறது என்று திரும்பி வந்தது. பாய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். "வெளிச்சம் மட்டும்தான் சார் ஏத்தினேன். அசல் இதோ இருக்கு." அங்கிருந்தவர் பொறுமையாகப் பார்த்தார். "எனக்குப் புரியுதுங்க. ஆனா கடைசித் தேதி முடிஞ்சிபோச்சே."

அக்காவுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்றேன். "வேணாம். நான் செஞ்ச பிடிஎஃப்பு. நான்தான் போய்ச் சொல்லணும்" என்றார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னார்: "மனு ஆவலக்கா. வெளிச்சத்த ரொம்ப ஏத்திட்டேன். என் தப்புதான்." அக்கா கதவை அகலத் திறந்துவிட்டார். பிறகு, "நீ இன்னா பண்ணுவ நைனா. உள்ள வா" என்றார். பாய் உள்ளே போகவில்லை. அக்கா பிறகு அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குத் தைக்கப் போனார்.

பாயை அடக்கம் செய்த மறுநாள், தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். மேரி அக்காவின் பெயர் வந்ததும் விரல் நின்றுவிட்டது. சாயங்காலம் நேரில் போனேன். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு இங்கயேதான் நின்னுகினு இருந்துச்சு அந்தப் புள்ள. ஒரு வாய் தண்ணி கூட குடிக்கல" என்று அழுதார்.

கெட்ட செய்தியைக் கேட்க வேண்டியவரின் வாசல்வரை நடந்து போவது. சாதிக் பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். நான் போனேன்.