சிபில்லேயின் துடைப்ப வாரம்

ஸ்டுட்கார்ட்டில் ஒருவன் கட்டிய மனைவியை விட்டுவிட்டுப் போனால்கூட அக்கம்பக்கம் மன்னித்துவிடும். தன் வாரத்தில் மாடிப்படியைத் துடைக்காமல் விட்டால் மன்னிக்காது. எங்கள் கட்டடத்தில் ‘துடைப்ப வாரம்’ என்று எழுதிய அட்டை ஒன்று வீடு வீடாக நகரும். அது யார் கதவில் தொங்குகிறதோ அவர் சனிக்கிழமைக்குள் மேல்மாடியிலிருந்து தெருவாசல்வரை கூட்டித் துடைத்தாக வேண்டும். நான் டிராம் ஓட்டுகிறவன். என் முறை வந்தால் வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுவேன். மேல்மாடி சிபில்லே கிம்மிஷ் அந்த ரகம் இல்லை.

சிபில்லே ஓவியர். மேடையில்லாத இடங்களில் நிகழ்ச்சி நடத்துபவரும்கூட. ஆல்ப் மலைப்பக்கத்தில் பல்சக்கரம் கடையும் ஒருவரின் மகள். மகள் வரி அலுவலகத்தில் உட்காருவாள் என்று அப்பா கனவு கண்டுகொண்டிருக்க, மகளோ ஓவியக் கல்லூரிக்கு ஓடிவிட்டார். கதவைவிடப் பெரிய திரைகளில் துணி காயும் கொடிகளாகவே வரைந்து தள்ளுவார். ஒருமுறை அரண்மனைச் சதுக்கத்தில் கொட்டும் மழையில், அப்போதுதான் வரைந்த படம் ஒன்றை, அதன் சாயமெல்லாம் கரைந்து ஓடும்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இன்னொரு முறை சூப்பர்மார்க்கெட் வரிசையில் நாள் முழுக்க நின்று, பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே அனுப்பிக்கொண்டே இருந்தார். பொறுமையே உருவானவர் என்று பத்திரிகை புகழ்ந்தது. கல்லாவில் இருந்த பெண் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இப்படியாக ஹாம்பர்க், சூரிச் வரைக்கும் அவருக்குப் பேர் பரவியது. எங்கள் கட்டடத்தில் மட்டும் அவர் ‘மூலை கூட்டாதவள்’. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் தரைத்தளத்து ஐசலே அம்மா. கணவர் போய்ச் சேர்ந்தபின் தனியாக இருப்பவர். அவர் துடைத்த படியில் தட்டில்லாமல் சாப்பிடலாம்.

சிபில்லே வரைவது கூரைக்கடியில் இருந்த பழைய துணி உலர்த்தும் அறையில். அவ்வளவு பெரிய திரை வேறெங்கும் நிற்காது. அந்த அறையைத் தடுத்து ஆளுக்கொரு சாமான் அறை ஆக்கினால் என்ன என்று ஐசலே அம்மா வீட்டுக்காரரிடம் கேட்டுவைத்தார். குடியிருப்பவர்களே திங்கட்கிழமை கூடிக் கைதூக்கி முடிவு செய்யட்டும் என்று அவர் நழுவிக்கொண்டார்.

“அந்த ரூம் போச்சுன்னா நான் தபால்தலை சைசுலதான் வரையணும், எகோன்,” என்றார் சிபில்லே என்னிடம். “இந்த ஊர்ல எனக்கு வேற இடம் யாரு குடுப்பா?” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பயந்திருந்தார் என்பது தெரிந்தது.

“மொதல்ல படியத் தொடை. அட்டை உன் கதவுலதான் தொங்குது. அந்தம்மா வாயில விழாத.”

“சனிக்கிழமை தொடச்சிடறேன்.”

சனிக்கிழமை மாலை அவருக்கு ஒரு கலைக்கூடத்தில் நிகழ்ச்சி. அந்த நினைப்பிலேயே படி மறந்துபோனது. நான் பீர்ப் பெட்டியோடு உள்ளே நுழையும்போது, பட்டுச் சட்டையில் சிங்காரித்துக்கொண்டு இறங்கி வந்த சிபில்லேயை ஐசலே அம்மா வாசலில் மறித்துக்கொண்டிருந்தார்.

“எங்க கெளம்பிட்டீங்க, கிம்மிஷ் அம்மா?”

“நிகழ்ச்சிக்கு. ஆளுங்க காத்துட்டு இருக்காங்க.”

“படியுந்தான் காத்துட்டு இருக்கு.”

சிபில்லேயின் முகம் வெளுத்தது. போனால் திங்கட்கிழமை அறை போய்விடும். போகாவிட்டால் நிகழ்ச்சி போய்விடும். படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கலைக்கூடத்துக்குப் போன் போட்டு, “எல்லாரையும் இங்க கூட்டிட்டு வாங்க. நிகழ்ச்சி எங்க வீட்டு மாடிப்படியில,” என்றார்.

வந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்ததுபோல எல்லோரும் கறுப்பு உடையில். சிபில்லே அந்தப் பட்டுச் சட்டையோடேயே வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். ஒவ்வொரு படியாகத் துடைத்து இறங்க ஆரம்பித்தார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. கீழிருந்து ஏறி வந்த ஐசலே அம்மாவையும் நிகழ்ச்சியில் ஒருவர் என்றே நினைத்துக்கொண்டது.

“தொடச்ச படியில ஷூவோட நிக்கிறீங்களே, நீங்கல்லாம் படிச்சவங்கதானே?”

ஒருவர் விடாமல் கழற்றினார்கள். பத்திரிகை விமர்சகரின் காலுறை ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

“கிம்மிஷ் அம்மா, கைப்பிடிக் கம்பிக்கு அடியில அழுக்கு அப்படியே இருக்கு.”

சிபில்லே மண்டியிட்டுத் துடைத்தார். அழுக்கு போகவில்லை. ஐசலே அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “தள்ளுங்க,” என்று பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டையிலிருந்த ஊசியை உருவி மூலையில் குடைந்தார். ஊசி குடைய, துணி துடைக்க, இரண்டு பேரும் தெருவாசல்வரை வந்து சேர்ந்தார்கள். கூட்டம் காலுறையோடு நின்று கைதட்டியது. சிபில்லே அவருடைய ஈரக்கையைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துத் தலைவணங்க வைத்தார்.

ஐசலே அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்துக்கொண்டார். “கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து இதே படியத்தான் தொடைக்கிறேன்,” என்றார் என்னிடம் மெதுவாக. “நின்னு பாத்தவங்க ஒருத்தர் கெடையாது.” நானும் பார்த்ததில்லையே.

திங்கட்கிழமை கீழே துவைக்கும் அறையில் நாற்காலி போட்டுக் கூட்டம். சிபில்லே இரவெல்லாம் தயார் செய்த பேச்சை ஆரம்பிக்கத் தொண்டையைச் செருமினார். அதற்குள் ஐசலே அம்மாவின் கை மேலே இருந்தது.

“அறை அவங்களுக்கே இருக்கட்டும். என்கிட்ட பூட்டி வைக்க என்ன சாமான் இருக்கு?”

அவரே கைதூக்கியபின் மற்றவர்களுக்கு என்ன வேலை? எல்லாக் கையும் எழுந்தது. சிபில்லே பேச்சை மறந்து, பொலபொலவென்று அழுதார்.

ஐசலே அம்மா அவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். “அழறதா இருந்தா தெருவுல போய் அழுங்க, கிம்மிஷ் அம்மா. இந்த வாரம் என் மொறை.”