மாமா பூட்டிய வைஃபை

என் அக்கா வீட்டுக்காரர் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வாசல் செக்யூரிட்டி. அடையாள அட்டை இல்லையென்று முதலாளியின் மருமகனையே வெயிலில் நிற்க வைத்தவர். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். வீட்டிலும் அதே டியூட்டிதான். ஒரே மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று, அவள் பேச்சையே இங்கே யாரும் எடுக்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து யாரும் எடுக்கவில்லை, அவர் காதுபட.

அப்படிப்பட்டவரிடம் போய் யாரோ, வைஃபையைத் திறந்து போட்டால் கண்டவனும் நுழைவான், அவன் செய்யும் திருட்டுக்குப் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும் என்று கொளுத்திப் போட்டுவிட்டார்கள். மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் பாவத்துக்கு என்னைக் கூப்பிட்டார். ரௌட்டரோடு வந்த பாஸ்வேர்டைத் தூக்கிவிட்டு, மாமா சொன்ன நீளமான ஒன்றைப் போட்டேன். தன் வீட்டுக் கூடத்திலேயே வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அதை என் காதில் சொன்னார். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது சமையலறையில் அக்கா ஒரு போனை நீட்டினாள். நான் கொடுத்த பழைய போன்தான். சிம் கிடையாது, வைஃபை இருந்தால்தான் உயிர். அப்படியொன்று இருப்பதே மாமாவுக்குத் தெரியாது. அதிலும் புது பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாளே பிடித்துவிட்டார். வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் பெயர் போட்ட பிறகும் பெயரில்லாத ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. விசாரணையெல்லாம் கிடையாது, உடனே பிளாக். திருடனைப் பிடித்த சந்தோஷத்தில் என்னை வரவழைத்துக் காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது, வாயைத் திறக்கத்தான் தைரியமில்லை.

அக்கா வந்து அவர் எதிரில் நின்றாள்.

“அத எடுத்து விடுங்க. அது என் போன்.”

“உன் போன் இங்க இருக்கே. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு?”

“இது நீங்க எடுத்து எடுத்துப் பாக்குறது. அதுலதான் பொண்ணு பேசுவா.” பிறகு அதே குரலில், “அவளுக்கு இது நெற மாசம். எந்நேரமும் வலி எடுக்கலாம்” என்றாள்.

மாமா தன் போனில் அந்த ஆப்பைத் திறந்தார். பிறகு எதையோ அழுத்தினார்.

சற்று நேரத்தில் உள்ளே அந்தப் போனில் வீடியோ கால் வந்தது. அக்கா வழக்கம்போல சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா எழுந்துபோய்க் கதவருகே நின்றார். திரும்பி வந்து அலமாரியிலிருந்து ரௌட்டரை எடுத்தார். ஜன்னல் வழியாகப் பறக்கப் போகிறது என்று நினைத்தேன். ஒயர் எட்டும் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு போனார். கதவு வரைதான் எட்டியது. அங்கேயே, கையில் பிடித்தபடி நின்றார்.

அக்கா கதவைத் திறந்து என்ன இதெல்லாம் என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவ பேசுறது விட்டு விட்டு வருது. வெளிய நிக்கிறவனுக்கு ஒண்ணுமே கேக்கல.”